பல குடித்தன வீட்டில் அந்தரங்கம்: அட்வான்ஸ் கொடுப்பது முதல் காலி செய்வது வரை

ஒரே கேட்டுக்குள் ஐந்தாறு போர்ஷன், ஒரு குழாய், இரண்டு கழிவறை, எல்லாருக்கும் ஒரே மொட்டை மாடி. சென்னையில் திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம், சைதாப்பேட்டைப் பக்கம் இருக்கும் இந்த மாதிரி வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மதுரை, நெல்லை வளவு வீடுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அடுக்குமாடியில் எதிரெதிர்க் கதவோடு இருப்பவர்களுக்கு 4, 5, 7 ஆகிய பகுதிகள் போதும்.

புதிதாக வருகிறவர்கள் வரிசையைத் தலைகீழாகச் செய்வதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதல் மாதம் கதவை விரியத் திறந்து வைத்திருப்பார்கள். மூன்றாம் மாதம் மூச்சு முட்டியதும் திரை போடுவார்கள். குடி வந்த அன்றே திரை போட்டால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. அதையே மூன்றாம் மாதம் போட்டால், "என்னாச்சு, நாங்க ஏதாவது சொல்லிட்டோமா?" என்று கேள்வி வரும். ஆகவே இதில் முக்கால்வாசி வேலை, சாமான் இறக்கும் நாளுக்கு முன்பும் அதற்கடுத்த சில நாட்களிலும் முடிந்துவிட வேண்டும்.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

வாசலுக்கும் ஜன்னலுக்கும் கனமான திரைத்துணி, அதை மாட்ட ஸ்பிரிங் கம்பி, கொக்கிகள். சொந்தப் பூட்டு ஒன்று. கதவுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை. ஜன்னல் கண்ணாடிக்குப் பால் நிற ஸ்டிக்கர். வீட்டுக்குள் கட்ட நைலான் கொடி. மிக்சிக்கு அடியில் போட ஒரு பழைய ரப்பர் மிதியடி. ஒரு டேபிள் ஃபேன். எதுவும் பெரிய செலவில்லை, ஆனால் குடி வந்த பிறகு தேடினால் ஒரு மாதம் ஓடிவிடும்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு வேளை போய்ப் பாருங்கள்

புரோக்கர் பகல் பதினொரு மணிக்குத்தான் கூட்டிப் போவார். அந்த நேரத்தில் எந்தக் காம்பவுண்டும் அமைதியாகத்தான் இருக்கும். காலை ஆறரைக்கு ஒரு தடவை, இரவு எட்டரைக்கு ஒரு தடவை நீங்களே போங்கள். குழாயடியில் யார் எங்கே நிற்கிறார்கள், எந்த வீட்டு டிவி எது வரை கேட்கிறது, பிள்ளைகள் எந்த வாசலில் விளையாடுகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

உள்ளே போனதும் முதலில் மேலே பாருங்கள். ஓட்டு வீட்டையும் ஷீட் போட்ட வீட்டையும் பிற்பாடு தடுத்துப் போர்ஷனாக்கியிருந்தால், நடுச்சுவர் பல இடங்களில் கூரையைத் தொடாமல் நின்றிருக்கும். அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுப் பேச்சு அப்படியே இறங்கும். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதை அடைத்துத் தர வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த போர்ஷனை விட்டுவிடுங்கள். திரையாலும் பீரோவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது நடுச்சுவரின் கனம். கதவு நிலை இருக்கும் இடத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்பது இன்ச் சுவர் என்றால் சாதாரணப் பேச்சு தாண்டாது. நாலரை இன்ச் என்றால் குரல் கேட்கும், வார்த்தை ஓரளவு புரியும். இரண்டு வீட்டு சுவிட்ச் பெட்டியும் சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் பதிந்திருந்தால் அங்கே சுவர் இல்லாத கணக்குதான்.

மூன்றாவதாக, உங்கள் வாசல் யார் யாருக்கு வழி என்று பாருங்கள். குழாய்க்கும் கழிவறைக்கும் மாடிப்படிக்கும் பக்கத்தில் இருக்கும் போர்ஷன் வசதியாகத் தோன்றும். உண்மையில் காம்பவுண்டு முழுவதும் நாள் முழுக்க அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். தண்ணீர் தூக்கிக்கொண்டு நடந்தாலும் பரவாயில்லை என்று கடைசி போர்ஷனை எடுப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கேட்டைத் திறந்ததும் வரும் முதல் போர்ஷனுக்கு இன்னொரு தொல்லை: தபால்காரர், பால்காரர், கொரியர் என்று எல்லாரும் விசாரிப்பது உங்களிடம்தான்.

முடிந்தால், காலி செய்கிறவரைத் தனியாகப் பார்த்து ஏன் போகிறீர்கள் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் "பையனுக்கு ஸ்கூல் தூரம்" என்றுதான் பதில் வரும்.

2. வீட்டுக்காரரிடம் பேசி எழுத்தில் வாங்க வேண்டியவை

அட்வான்ஸ் கை மாறுவதற்கு முன்பு கேட்டால் "அதுக்கென்ன, செஞ்சுக்கோங்க" என்பார். பிறகு கேட்டால் சுவர் கெட்டுவிடும் என்பார். எனவே வரிசை முக்கியம்.

கேட்க வேண்டியவை நான்கு. திரைக்கும் கொக்கிக்கும் சுவரில் துளை போட அனுமதி. பூட்டை மாற்றிக்கொள்ளும் உரிமை, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும் என்ற தெளிவு. மின்சார சப்-மீட்டர் எங்கே இருக்கிறது என்பது: அது உங்கள் அறைக்குள் இருந்தால் மாதம் ஒருமுறை யாராவது உள்ளே வந்து பார்ப்பார்கள், வெளியே மாற்றச் சொல்லுங்கள். கடைசியாக, மொட்டை மாடியும் கொடியும் யாருக்கு எந்த நாள் என்பது.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் பழுது பார்க்கவோ சோதிக்கவோ உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் கூடாது. வீட்டுக்காரரும் அதே காம்பவுண்டில் குடியிருந்தால், குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வரும் பழக்கம் இருக்கும். சட்டத்தை நீட்டி அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க சார், வீடு ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்" என்று முதல் வாரமே சொன்னால் போதும்.

3. சாமான் இறக்குவதற்கு முன் திரையும் பூட்டும்

லாரி வருவதற்கு முந்தின நாள் போய் ஸ்பிரிங் கம்பியை அடித்து, திரையை மாட்டிவிட்டு வந்துவிடுங்கள். சாமான் இறங்கும்போது காம்பவுண்டே வாசலில் நின்று பார்க்கும். என்ன பீரோ, எவ்வளவு பாத்திரம், கட்டில் இருக்கிறதா என்று அன்றைக்கு மனதில் பதிந்த கணக்குதான் பல காலத்துக்கு ஓடும். நகைப்பெட்டியும் பத்திரங்களும் இருக்கும் பையைக் கடைசியாக, துணிமூட்டையோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.

பால் காய்ச்சியதும் எல்லா வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிடுங்கள். எல்லை போடுகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டும். பழக்கம் இல்லாமல் திரை மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் திமிர்.

4. கண்ணுக்கு மறைப்பு

வாசல் திரை தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கட்டும். வெளியே யார் நிற்கிறார் என்று கால் தெரியும், காற்றும் வரும், கதவைச் சாத்த வேண்டியிருக்காது. பகலெல்லாம் சாத்திய கதவு இந்த மாதிரி வீடுகளில் பேச்சுக்கு இடம் கொடுக்கும். திரை போட்ட திறந்த கதவைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஜன்னலில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் இருப்பது மறுபக்கத்துக்குத் தெரியும். பகலில் மெல்லிய திரை நன்றாக மறைக்கும். இரவில் உள்ளே விளக்குப் போட்டதும் அதே திரை வழியாக எல்லாம் தெரியும். கடையில் "வெளியிலிருந்து தெரியாது" என்று சொல்லி விற்கும் கண்ணாடி போன்ற ஃபிலிமும் இதே கதிதான், விளக்கு எரியும் நேரத்தில் அது தலைகீழாக வேலை செய்யும். பால் நிற ஸ்டிக்கரானால் பகல், இரவு இரண்டிலும் மறைக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்துவிட்டு ஒட்டினால் குமிழ் வராது, நகர்த்திச் சரிசெய்யவும் முடியும். ஜன்னலின் கீழ்ப்பாதியில் மட்டும் ஒட்டுங்கள். மேல்பாதி வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வேண்டும்.

இன்னொன்று நிழல். டியூப்லைட் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தால், நடுவில் நிற்கும் உங்கள் நிழல் திரைமேல் விழும். உடை மாற்றுவது வெளியே நிழலாய்த் தெரியும். விளக்கை ஜன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டினால் நிழல் அறைக்குள்ளேயே விழுந்துவிடும். எலக்ட்ரீஷியனுக்கு அரைமணி நேர வேலை.

முகம் பார்க்கும் கண்ணாடியை வாசலுக்கு நேராக மாட்டாதீர்கள். திரை லேசாக விலகினாலே, கதவுக்குப் பின்னால் இருக்கும் மூலைகூட அதில் தெரியும். பக்கச்சுவரில் மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரவில் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து, குழாயடியிலும் மாடிப்படியிலும் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். வீட்டில் இன்னொருவரை உள்ளே நடமாடச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை யாருமே செய்வதில்லை. எதிர் மாடியிலிருந்து உங்கள் கட்டில் தெரிகிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

உள்ளாடைகளை வீட்டுக்குள் கொடி கட்டி ஃபேன் காற்றில் போடலாம் என்றாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர வாடை போகாது. வெயில் வந்ததும் மாடிக் கொடியில் போட்டு மேலே மெல்லிய பருத்தித் துண்டை விரித்துவிடுவதுதான் பல வீடுகளில் வழக்கம், அதுவே நல்ல வழி.

5. காதுக்கு மறைப்பு

சத்தத்தை முழுதாக நிறுத்துவது நடக்காத காரியம். வார்த்தை புரியாமல் செய்வதுதான் இலக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் சிலர் முட்டை அட்டையையும் தெர்மோகோலையும் சுவரில் ஒட்டுகிறார்கள். அறைக்குள் எதிரொலி குறையுமே தவிர சத்தம் தாண்டுவது நிற்காது. கனம் இல்லாத பொருள் எதுவும் சத்தத்தைத் தடுக்காது.

முதலில் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். சுவரைவிடக் கதவின் அடி வழியாகத்தான் அதிகம் போகிறது. ரப்பர் பட்டை அங்கே ஒட்டுவதற்குத்தான். கழற்றிவிட்ட ஏசி ஓட்டை, கேபிள் ஓட்டை இருந்தால் சிமெண்ட் பூசுங்கள். சுவிட்ச் பெட்டிப் பிரச்சினைக்கு வீட்டுக்காரரின் அனுமதியோடு எலக்ட்ரீஷியனை அழையுங்கள், நீங்களாகத் திறக்க வேண்டாம்.

பிறகு பீரோ, புத்தக அலமாரி, துணி அடுக்கு என்று கனமானதையெல்லாம் நடுச்சுவரை ஒட்டி நிறுத்துங்கள். கட்டிலும் டிவியும் அந்தச் சுவரில் வேண்டவே வேண்டாம். கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளினாலே பாதி சங்கடம் தீரும்.

மூன்றாவது, டேபிள் ஃபேன். இரவில் ஊர் அடங்கியதும் மெதுவாகப் பேசுவதும் கேட்கும், ஏனென்றால் அதை மறைக்கப் பகலின் இரைச்சல் இல்லை. பேசுகிற இடத்துக்கும் நடுச்சுவருக்கும் இடையே ஃபேன் ஓடினால் குரல் கேட்டாலும் வார்த்தை கலங்கிவிடும். சம்பளம், கடன், மாமியார் விஷயம் எல்லாம் ஃபேன் பக்கத்தில்தான். போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவதை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் குரலாவது அடங்கியிருக்கும், மறுமுனைக்கு அது தெரியாது.

உங்கள் சத்தத்தையும் பாருங்கள். மிக்சிக்கு அடியில் மிதியடி போட்டால் அதிர்வு மேடை வழியாகச் சுவருக்குப் போகாது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குல்லா போடுங்கள். நீங்கள் இதைச் செய்திருந்தால்தான் பின்னால் டிவியைக் குறைக்கச் சொல்லும் தகுதி வரும்.

6. குழாய், குளியலறை, மோட்டார்

குழாய்க்கு ஒரு முறை ஏற்கெனவே இருக்கும். எங்கும் எழுதியிருக்காது, எல்லாருக்கும் தெரியும். முதல் மாதம் அதைக் கவனித்து அப்படியே நில்லுங்கள். நியாயமில்லை என்று தோன்றினாலும் உடனே மாற்றச் சொல்லாதீர்கள். சில சமயம் ஆறு மணிக்கு முதல் குடம் பிடிப்பவர் ஆறரைக்கு வேலைக்குப் போகிறவராக இருப்பார்.

பொதுக் குளியலறையில் முதல் நாளே உட்பக்கத் தாழ்ப்பாளைச் சோதியுங்கள். ஆடினால் நீங்களே வாங்கிப் போட்டுவிடுங்கள், யார் செலவு என்று பேசிக்கொண்டிருந்தால் அது பல மாதக் கதை. உள்ளே இரண்டு கொக்கி அடியுங்கள், முழு உடையோடு வெளியே வரலாம். காற்று ஜன்னல் தலைக்கு மேல் இருக்கிறதா, வெளியே அதன் கீழே ஏறி நிற்க ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். கவிழ்த்த டிரம் ஒன்று அங்கே இருந்தால் பேசாமல் நகர்த்தி வைத்துவிடுங்கள்.

மோட்டார் போடுவது, பொது விளக்கு, கழிவறை கழுவுவது ஆகியவற்றுக்குப் பணமும் முறையும் மாதத் தொடக்கத்திலேயே முடிய வேண்டும். இந்தச் சில்லறைக் கணக்கு பாக்கி நிற்கும் வரை உங்கள் வீட்டு வாசலில் யாராவது நின்றுகொண்டே இருப்பார்கள்.

7. பேச்சுக்கு எல்லை

திரை, பீரோவெல்லாம் சுலபம். "எவ்ளோ சம்பளம்?" என்ற கேள்விக்கு ஸ்பிரிங் கம்பி கிடையாது.

பக்கத்து வீட்டவர்கள் கேட்பதில் பாதி அக்கறை, பாதி பொழுதுபோக்கு. பதிலே சொல்லாமல் இருந்தால் அவர்களே ஒரு பதிலை உருவாக்கிக்கொள்வார்கள், அது உண்மையைவிட மோசமாக இருக்கும். எனவே, கொடுக்கக்கூடிய செய்தி எது, கொடுக்கக் கூடாதது எது என்று வீட்டுக்குள் முதலிலேயே பேசி முடிவெடுங்கள். சொந்த ஊர், பிள்ளைகள் படிப்பு, சமையல், உடம்புக்குக் காய்ச்சல் சளி: இவை தாராளமாக. சம்பளம், கடன், நகை, குழந்தை பற்றிய திட்டம், குடும்பச் சண்டை: இவை கிடையாது. வீட்டில் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். நீங்கள் மறைத்ததை உங்கள் அம்மா குழாயடியில் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

பதில் சிரித்த முகத்தோடு, சுருக்கமாக, அவர்கள் வீட்டைப் பற்றிய ஒரு கேள்வியோடு முடியட்டும்.

"வீட்டுக்காரருக்கு எவ்ளோம்மா சம்பளம்?"
"ஏதோ ஓடுதுக்கா. உங்க பையன் பன்னெண்டாவது இல்ல இந்த வருஷம்? டியூஷன் எங்க போறான்?"

"கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சே, விசேஷம் ஒண்ணும் இல்லையா?"
"இருந்தா உங்ககிட்ட சொல்லாம இருப்பேனா மாமி. முட்டி வலி இப்ப தேவலையா?"

நடுவில் ஒரு நொடி தயங்கினால் அடுத்த கேள்வி வந்துவிடும், அதனால்தான் பதிலைத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று ஒருமுறை சொன்னால் அதன்பிறகு தண்ணீர் வந்ததைக்கூடச் சொல்ல ஆள் இருக்காது.

கேட்கும் பக்கத்திலும் ஒரு எல்லை வேண்டும். நாலாவது வீட்டுக் கதையை இரண்டாவது வீட்டு அக்கா சொல்லும்போது "அப்படியாக்கா" என்பதோடு நிறுத்துங்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு கருத்து வந்தால் அன்று மாலைக்குள் உங்கள் பெயரோடு அது நாலாவது வீட்டுக்குப் போய்ச் சேரும். அதேபோல, சுவர் வழியாக உங்கள் காதில் விழுந்ததை விழாததாகவே நடத்துங்கள். மறுநாள் "ராத்திரி ஏதோ சத்தமா இருந்துச்சே" என்று விசாரிப்பது ஆறுதல் ஆகாது. அவர்கள் வீட்டுச் சுவரையும் மெல்லியதாக்கிவிடும்.

8. சாவி, பார்சல், பிள்ளைகள்

மாற்றுச் சாவியை ஒரே ஒரு வீட்டில் கொடுங்கள், அதுவும் சில மாதம் பழகிய பிறகு. பார்சல் வாங்கி வைக்கச் சொன்னால் அது திறந்து பார்க்கப்படாவிட்டாலும் தூக்கிப் பார்க்கப்படும். முக்கியமானதை அலுவலக முகவரிக்கு வரவழையுங்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஓடி வருவதைத் தடுக்க வேண்டாம். முன்னறையில் விளையாடலாம், உள்ளறைக்கு வரக் கூடாது என்று முதல் நாளே பழக்குங்கள். பிள்ளைகள் பார்த்ததை அப்படியே வீட்டில் ஒப்பிப்பார்கள்.

9. கேமராவும் வாட்ஸப்பும்

சமீபத்தில் அதிகம் பார்க்கும் தகராறு இது. ஒருவர் திருட்டுப் பயத்தில் வாசலில் கேமரா மாட்டுவார், அதில் எதிர் வீட்டு உள்ளறை விழும். மாட்டுகிறவர் நீங்களானால், மாட்டிய அன்றே எதிர் வீட்டவரைக் கூப்பிட்டு போனில் படத்தைக் காட்டுங்கள். பல கேமராக்களில் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி உண்டு, அவர்கள் வாசலை அதில் மறைத்துவிடலாம். மாட்டியவர் அவர்களானால், "உங்க கேமராவில எங்க வீடு எவ்ளோ தெரியுதுன்னு ஒரு தடவ காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். கழற்றச் சொல்வதைவிடக் கோணத்தை மாற்றச் சொல்வது சீக்கிரம் நடக்கும்.

காம்பவுண்டு வாட்ஸப் குழுவில் தண்ணீர், மோட்டார், கரண்ட் தவிர எதையும் எழுதாதீர்கள். ஸ்டேட்டஸில் ஊருக்குப் போகும் படத்தைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

10. மீறல் நடந்தால் யாரிடம், எந்த வரிசையில்

முதலில் நேரில், தனியாக, கோபம் ஆறிய மறுநாள். ஆளைப் பற்றிப் பேசாமல் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். "நீங்க ரொம்ப சத்தமா டிவி வைக்கிறீங்க" என்பதற்குச் சண்டைதான் பதில். "பொண்ணுக்குப் பரீட்சைண்ணா, ஒம்பது மணிக்கு மேல கொஞ்சம் கொறச்சு வைக்க முடியுமா?" என்பதற்கு மறுப்புச் சொல்வது கஷ்டம்.

இரண்டு தடவை கேட்டும் பலனில்லை என்றால் வீட்டுக்காரரிடம். அவருக்கு வாய்மொழியாகச் சொன்னது மறந்துபோகும், தேதி போட்டு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். காவல்துறை அதற்கும் பிறகுதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு, இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. தினமும் நள்ளிரவில் ஸ்பீக்கர் அலறினால் 100க்கு அழைக்கலாம். ஆனால் போலீஸ் வந்து போன பிறகும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ ஒரு பெண்ணை எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி குற்றம், முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. இதில் சமாதானம் பேச யாரையும் அனுமதிக்காதீர்கள். "பேர் கெட்டுடும்" என்று காம்பவுண்டுப் பெரியவர்கள் அடக்கப் பார்ப்பார்கள். பெண்கள் உதவி எண் 181. படம் இணையத்தில் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930. போனைப் பிடுங்கி நீங்களே அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி.

11. காலி செய்வது எப்போது

சத்தமும் வேடிக்கை பார்ப்பதும் (10ஆம் பகுதியில் சொன்ன குற்றம் தவிர) இடத்தால் வருகிறதா, ஆளால் வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். ஆளால் வந்தால் ஒரு வருடம் பொறுக்கலாம், இந்த வீடுகளில் குடித்தனம் மாறிக்கொண்டே இருக்கும். சுவர் கூரையைத் தொடவில்லை, வாசல் பொதுவழியில் இருக்கிறது என்றால் யார் வந்தாலும் அதே நிலைதான், வேறு வீடு பாருங்கள். பிள்ளை பத்தாவது, பன்னிரண்டாவது போகும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

அதே காம்பவுண்டில் கடைசி போர்ஷன் காலியானால் முதலில் அதைக் கேளுங்கள், அட்வான்ஸ் புரளாமலே மாறிவிடலாம். வெளியே போவதானால் ஒப்பந்தத்தில் இருக்கும் முன்னறிவிப்புக் காலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் புதிதாகக் குடிபோகப் பெரும்பாலோர் தயங்குவார்கள். ஆடி பிறப்பதற்குள் மாற வேண்டுமானால் சித்திரை கடைசியிலேயே வீடு தேட ஆரம்பித்துவிடுங்கள். போகும்போது ஸ்பிரிங் கம்பியையும் குளியலறைக் கொக்கியையும் கழற்ற வேண்டாம், பூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.